துப்பு தீர்ப்பைத் தொடும் வரை

மிரண்டால் அது சீறாது, கொத்தப் பாயாது. உடம்பைச் சுருட்டி, தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டு, மழுங்கிய வாலை மட்டும் வெளியே நீட்டும். அடி வாலில் விழுந்தால் உயிர் தப்பலாம். பார்க்கிறவர் கண்ணுக்கு அந்த வாலும் ஒரு தலையாகத் தெரிகிறது. உயிர் காக்கச் செய்யும் அந்த ஒரு அசைவே அதற்கு எமனாகிவிட்டது. நாம் மண்ணுளிப் பாம்பு என்றும் இருதலை மணியன் என்றும் சொல்வதை மராத்தியர் மாண்டூள் என்கிறார்கள். விஷமில்லை. குட்டி போடும். எலியைத் தின்று உழவருக்கு உதவும். புனே மாவட்டத்தின் கிழக்கே, மழை குறைந்த பாராமதி, இந்தாபூர், தௌண்ட் பக்கத்து வறண்ட நிலங்கள் அதற்குத் தோதானவை.

இந்தச் சாதுவான உயிருக்கு லட்சங்களிலும் கோடிகளிலும் விலை பேசுகிறார்கள். வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும், புதையலைக் காட்டும், தீராத நோய்க்கு மருந்தாகும், வெளிநாட்டுக் கம்பெனி எடைக்கு ஏற்ப வாங்கிக்கொள்ளும் என்று கதைகள் பல. ஒன்றுக்கும் ஆதாரம் கிடையாது. இரிடியம் கலசத்துக்கும் நாகரத்தினத்துக்கும் பணத்தைத் தொலைத்தவர்களை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். இது அதே ஏமாற்று. ஒரு வேறுபாடு: கலசம் பித்தளை, பாம்புக்கு உயிர் இருக்கிறது.

காட்டுயிர் ஆய்வு அமைப்பான டபிள்யூ.சி.எஸ். இந்தியா, 2016 முதல் 2021 வரை ஊடகங்களில் வந்த மண்ணுளிப் பாம்புப் பறிமுதல் செய்திகளைத் தொகுத்தது. 18 மாநிலங்கள், ஒரு யூனியன் பிரதேசம், மொத்தம் 172 சம்பவங்கள். அவற்றில் 59 மகாராஷ்டிரத்தில் நடந்தவை, நாட்டிலேயே அதிகம். புனே, தானே போன்ற நகரப் பகுதிகளை அறிக்கை தனியே சுட்டுகிறது. அடுத்த இடம் 33 சம்பவங்களோடு உத்தரப் பிரதேசத்துக்கு.

இந்த 59 என்ற எண்ணை எப்படி வாசிப்பது? குற்றம் இங்கே அதிகம் என்று கொள்ளலாம். மக்கள் விழிப்பாக இருந்து துப்பு கொடுக்கிறார்கள், போலீஸ் பிடிக்கிறது என்றும் கொள்ளலாம். பறிமுதல் எண்ணிக்கை இரண்டையும் ஒன்றாகக் கலந்தே காட்டும். ஆகவே ‘இத்தனை பாம்பு பிடிபட்டது’ என்ற கணக்கை வைத்து மக்கள் உதவியை மெச்சவும் கூடாது, குறை சொல்லவும் கூடாது. மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அந்த உதவி கடத்தல்காரனின் விலையைக் குறைத்ததா? தண்டனை வரை போய்ச் சேர்ந்ததா? அந்த உயிர் தன் மண்ணுக்குத் திரும்பியதா? அழியும் உயிர்களைக் காக்க அதிகாரிகளுக்கு நாம் செய்யும் உதவியை இந்த மூன்றில் உரசிப் பார்ப்பதே நியாயம்.

முதலில், பாராட்ட வேண்டியதைத் தயக்கமின்றிச் சொல்லிவிடலாம். பாம்பு விஷயத்தில் புனேக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1980இல் நீலிம்குமார் கைரே என்ற புனேக்காரர் 72 விஷப் பாம்புகளோடு ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் 72 மணி நேரம் இருந்து காட்டினார். சீண்டாவிட்டால் பாம்பு கடிக்காது என்று ஊருக்குப் புரியவைப்பது அவர் நோக்கம். பிறகு காத்ரஜ் பாம்புப் பண்ணை அவர் முயற்சியில் உருவானது. இன்று அது ராஜீவ் காந்தி விலங்கியல் பூங்காவின் பகுதி. பாம்பைக் கண்டால் தடியைத் தேடாமல் தொலைபேசியை எடுக்கும் பழக்கம் இந்த நகரத்தில் வேரூன்ற அந்தத் தலைமுறை உழைத்திருக்கிறது. சொசைட்டி வாசலில் பாம்பு வந்தால் காவலாளியிடம் பாம்பு மீட்கும் ஒரு ‘சர்ப்பமித்ரா’வின் எண் இருக்கும். வனத்துறைக்கு 1926 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்ற அதிர்ச்சிக்குப் பிறகு, 2006 சட்டத் திருத்தத்தால் பிறந்த வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம் பொதுமக்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொள்கிறது.

துப்பு இல்லாமல் இந்தக் குற்றம் வெளியே வரவே வராது என்பதும் உண்மை. திருட்டுக்குப் பறிகொடுத்தவர் இருக்கிறார், அடிதடிக்குக் காயம்பட்டவர் இருக்கிறார். காட்டுயிர்க் குற்றத்தில் பாதிக்கப்பட்டது ஸ்டேஷனுக்கு வந்து புகார் எழுதாது. 2015இல் கேரளத்தின் மலயாற்றூர்க் காட்டில் யானை வேட்டைக் கும்பலுக்குச் சமைத்துப் போட்ட ஒருவர் முன்வந்து பேசியதால்தான் ‘ஆபரேஷன் ஷிகார்’ என்ற பெரும் விசாரணை தொடங்கியது. சுட்டவர்களோடு அது நிற்கவில்லை, தந்தம் வாங்கிய நகரத்து வியாபாரிகள் வரை வலை விரிந்தது. ஒரு மனிதரின் வாய் திறந்தால் ஒரு கும்பலே தெரியவரும். எனவே மக்கள் உதவி வேண்டுமா என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அந்த உதவி எந்த இடத்தில் வீணாகிறது என்பதே என் கவலை.

முதல் உரைகல்லுக்கு வருவோம்: விலை. ஒரு பறிமுதல் நடந்த மறுநாள் செய்தியைப் பாருங்கள். பிடிபட்டவர்கள் வரிசையாக நிற்பார்கள், நடுவில் ஒரு வாளியோ துணிப்பையோ இருக்கும். தலைப்பில் ‘கோடி ரூபாய் மதிப்புள்ள பாம்பு’. அந்தக் கோடியைச் சொன்னது யார்? விற்க வந்தவன். வாங்க யாருமே இல்லாத ஒரு பொருளுக்கு அவனே கூறிய விலையை, போலீஸ் குறிப்பும் பத்திரிகையும் சேர்ந்து முத்திரை குத்தி ஊருக்கு அறிவிக்கின்றன. படிக்கிற ஆயிரம் பேரில் ஒருவனுக்கு, கொல்லைப்புறத்தில் நேற்றுப் பார்த்த பாம்பு நினைவுக்கு வந்தால் போதும், அடுத்த குற்றம் கருவாகிவிடும். 2021இல் மட்டும் இந்தப் பாம்பின் விற்பனையைத் தூண்டும் 200 யூடியூப் பதிவுகளாவது இருந்ததாக அதே டபிள்யூ.சி.எஸ். அறிக்கை சொல்கிறது. அந்தப் பதிவுகளுக்குப் பத்திரிகையின் கோடிதான் சாட்சியாகிறது.

‘பனாவட் கிராஹக்’ விஷயமும் இதோடு சேர்ந்தது. போலி வாடிக்கையாளரை அனுப்பி, விலை பேசி, பாம்பை வெளியே கொண்டுவரச் செய்து பிடிப்பது போலீஸ் பின்பற்றும் முறை. அதிகாரி ஒருவர் மேலதிகாரிக்குத் தெரிவித்து, பதிவோடு செய்யும்போது அதற்கு நியாயம் உண்டு. ஆர்வலர்கள் தாங்களாகவே வாங்குபவர் வேஷம் போடுவது வேறு. பெருந்தொகை தருகிறேன் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டால், அந்தத் தொகை உண்மையா பொய்யா என்று கிராமத்தில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? அதுவரை மண்ணுக்குள் நிம்மதியாக இருந்த பாம்பு அந்த ஒரு கேள்விக்காகத் தோண்டி எடுக்கப்படலாம். நல்ல நோக்கத்தோடு கேட்ட போலிக் கேள்வியும் சந்தையின் காதில் உண்மையான தேவையாகவே விழும். முதல் உரைகல்லில் புனேயின் உதவி தேறவில்லை என்பதே என் மதிப்பீடு. விலையை உடைக்க வேண்டிய உதவி, பல நேரம் விலைக்கு விளம்பரமாகிவிடுகிறது.

இரண்டாம் உரைகல் நீதிமன்றம். பறிமுதலின்போது சாட்சிகள் முன் எழுதும் ஒரு பஞ்சநாமாவை எடுத்து நிதானமாக வாசித்துப் பாருங்கள். எத்தனை மணிக்கு, எந்தச் சாலையில், எந்தக் கடைக்கு எதிரே. யார் கையில் என்ன நிறப் பை. அதற்குள் என்ன உயிர், எவ்வளவு நீளம், எத்தனை கிலோ. எந்த முத்திரை இடப்பட்டது. கீழே ‘பஞ்சு’கள் எனப்படும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. அநேகமாக அவர்கள் பக்கத்துக் கடைக்காரரோ வழியே போனவரோ. நாலைந்து ஆண்டு கழித்துச் சம்மன் வரும். அதற்குள் ஒருவர் வீடு மாறியிருப்பார், இன்னொருவர் ‘எழுதியதில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்’ என்பார். நம் நாட்டு நீதிமன்றங்களில் எல்லா வகை வழக்குகளிலும் காணும் காட்சி இது. துப்பு கொடுத்தவரின் துணிவு, இரவெல்லாம் காத்திருந்த வனவரின் உழைப்பு, எல்லாமே இந்த இரண்டு கையெழுத்துகளின் மேல் நிற்கின்றன.

சட்டம் பலவீனமானது என்று சொல்ல மாட்டேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வலுவான கருவி. ஒருவர் வசம் காட்டுயிர் இருந்தால் அது முறையற்று வந்ததாகவே கொள்ளலாம், இல்லையென்று காட்டுவது அவர் பொறுப்பு என்கிறது 57ஆம் பிரிவு. உதவி வனப் பாதுகாவலர் தரத்துக்குக் குறையாத அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்யும் வாக்குமூலம் பின்னால் விசாரணையில் சான்றாக ஏற்கத்தக்கது என்கிறது 50ஆம் பிரிவு. போலீஸுக்கே இல்லாத வசதி இது. ஆனால் 55ஆம் பிரிவு ஒரு வாசலை வைத்திருக்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ் வழக்கை நீதிமன்றம் கையில் எடுக்க, அதிகாரம் பெற்ற அதிகாரியின் முறையான புகார் தேவை. நகரங்களில் பாம்பைப் பிடிப்பது பெரும்பாலும் போலீஸின் குற்றப் பிரிவு. புகார் தாக்கல் செய்ய வேண்டியது வனத்துறை. இந்த இரண்டு மேசைகளுக்கும் நடுவே கோப்பு நடக்கும் தூரத்தில்தான் வழக்கு நோய்வாய்ப்படுகிறது.

துப்பு கொடுப்பவர் அனுப்பும் சான்றுக்கும் இதே கதிதான். ‘பாம்பு விற்பனைக்கு’ என்ற பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நாலு குழுவில் பகிர்ந்துவிட்டு, நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். விற்பவன் அதைப் பார்த்துப் பதிவை அழித்துவிடுகிறான். மின்னணுச் சான்று நீதிமன்றத்தில் நிற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். மூலக் கருவி, எடுத்த நேரம், மாற்றப்படாத கோப்பு எல்லாம் கேட்கப்படும். பகிர்ந்து பகிர்ந்து மங்கிய படம் எதையும் நிரூபிக்காது. படத்தை எங்கும் பரப்பாமல், இணைப்பு, எண், தேதி, நேரத்தோடு அதிகாரியிடம் மட்டும் சேர்ப்பதே உதவி. மேல்காட் புலிகள் காப்பகத்தின் இணையக் குற்றப் பிரிவு, தொலைபேசித் தடங்களைப் பொறுமையாகக் கோத்தே புலி வேட்டைக்காரர்களை நெருங்கியது. சத்தமில்லாத அந்த வேலை மகாராஷ்டிரத்தால் முடியும் என்பதற்கு அதுவே சான்று.

இனித் துப்பு கொடுப்பவரின் நிலை. அவருக்கு நாம் என்ன தருகிறோம் என்று கணக்குப் போடுங்கள். தண்டனையாக விதிக்கும் அபராதத்தில் பாதி வரை அவருக்கு வெகுமதியாகத் தரலாம் என்கிறது 60ஏ பிரிவு. 2022 திருத்தத்துக்கு முன் பொதுவான குற்றங்களுக்கு உச்ச அபராதம் 25,000 ரூபாய். அதாவது வழக்கு முடிந்து, உச்ச அபராதம் விதிக்கப்பட்டு, நீதிபதி மனம் வைத்தால் 12,500. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த அபராத வரம்பை 1 லட்சமாக உயர்த்தியது, வெகுமதியின் வரம்பும் 50,000 ஆனது. முன்னேற்றம்தான். ஆனாலும் அது தீர்ப்புக்குப் பிறகு வரும் பணம். எதிரே நிற்கும் தரகனோ லட்சங்களை இன்றே கண்ணில் காட்டுகிறான். வெகுமதிக்காக எவரும் துப்பு கொடுப்பதில்லை என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. கொடுப்பவர் மனச்சாட்சிக்காகக் கொடுக்கிறார். அவரைக் காப்பதாவது நம் கடமை இல்லையா?

இந்த இடத்தில் சட்டத்தில் ஓர் இடைவெளி தெரிகிறது. ஒரு குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி மாஜிஸ்திரேட்டையோ போலீஸ் அதிகாரியையோ கட்டாயப்படுத்த முடியாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 125ஆம் பிரிவு சொன்னது. புதிய சட்டமும் அதைத் தொடர்கிறது. அரசு வருவாய்க்கு எதிரான குற்றங்களில் வருவாய் அதிகாரிக்கும் அந்தக் கவசம் உண்டு. வன அதிகாரி என்ற சொல் அதில் இல்லை. காட்டோரச் சிற்றூரில் துப்பு கொடுத்தவரும் யாரைப் பற்றிக் கொடுத்தாரோ அவரும் ஒரே டீக்கடையில் உட்காருகிறவர்கள். அங்கே பெயர் கசிந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வன அதிகாரியையும் அந்த வரியில் சேர்ப்பது ஒரு சிறு திருத்தம், ஆனால் பல வாய்களைத் திறக்கும்.

மூன்றாம் உரைகல்லுக்கு முன் ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் உதவி என்ற பெயரில் அநீதியும் நடக்கிறது. துப்பு யாரைப் பற்றி வருகிறது? மகாராஷ்டிரத்தில் பார்தி என்ற பழங்குடி மக்களைப் பார்த்தாலே வேட்டைக்காரர் என்று நினைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் நீக்கப்பட்டது. சட்டம் போனது, கண்ணில் ஒட்டிய கறை போகவில்லை. நம் ஊரில் நரிக்குறவர்களும் இருளர்களும் சுமக்கும் அதே சுமை. ‘சந்தேகப்படும்படி ஒரு கூட்டம் வந்திருக்கிறது’ என்பது துப்பு ஆகாது. என்ன நடந்தது, எப்போது, எங்கே, எந்த வண்டியில் என்பதே துப்பு. பாம்பைத் தோண்டி எடுத்தவனுக்குக் கிடைப்பது சில ஆயிரம். வாட்ஸ்அப்பில் விலை பேசும் தரகன் நகரத்து அடுக்குமாடியில் இருக்கிறான். துப்பு மேல்நோக்கிப் போகாவிட்டால் ஏழைக்குச் சிறையும் தரகனுக்குப் புதிய ஆளும்தான் மிச்சம்.

மாற்றுவழி இருக்கிறது என்பதை நம் மண்ணே காட்டியது. பாம்புத் தோல் வணிகத்துக்குத் தடை வந்தபோது பிழைப்பிழந்த இருளர்கள், 1978இல் ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில் செங்கல்பட்டு வட்டாரத்தில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமாக ஒன்றுசேர்ந்தார்கள். பிடித்த பாம்பிலிருந்து விஷம் எடுத்து, பாம்பை மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்து செய்த மருந்து நாடெங்கும் உயிர் காக்கிறது. புனேயிலிருந்து மலையிறங்கிக் கொங்கணக் கரைக்குப் போனால் வேளாஸ் கிராமம். கடலாமை முட்டைகளை எடுத்துத் தின்ற ஊர் அது. சிப்ளூணின் சஹ்யாத்ரி நிசர்க மித்ரா அமைப்பு 2002 முதல் அங்கே வேலை செய்ததன் பயனாக, அந்த முட்டைகளுக்கு ஊர்க்காரர்களே காவலானார்கள். குஞ்சுகள் கடலுக்குப் போவதைப் பார்க்க இன்று புனேக்காரர்கள் கிளம்பிப் போய் அந்த வீடுகளில் தங்குகிறார்கள். குற்றத்தை அதிகாரியிடம் சொல்வது ஒரு உதவி. குற்றத்துக்குத் தேவையே இல்லாமல் செய்வது அதைவிடப் பெரிய உதவி.

மூன்றாவது, அந்த உயிர். பறிமுதலான காட்டுயிர் சட்டப்படி அரசின் சொத்து, வழக்கின் சான்றும் கூட. விடுவிக்க நீதிமன்ற அனுமதி வேண்டும். புனேயில் வனத்துறையோடு சேர்ந்து ரெஸ்க்யூ அறக்கட்டளை பாவ்தனில் நடத்தும் சிகிச்சை மையம் போன்றவை இருப்பது பெரும் பேறு. பல மாவட்டங்களுக்கு அதுவும் இல்லை. மையம் இருந்தாலும், தௌண்டில் தோண்டி எடுத்த பாம்பு எந்த நிலத்திலிருந்து வந்தது என்பதை விற்றவன் சொல்லமாட்டான். பார்வைக்குப் பச்சையாக இருக்கிறதே என்று சஹ்யாத்ரி மழைக்காட்டில் கொண்டுபோய் விட்டால், வறண்ட மணலில் வாழும் பாம்புக்கு அது இன்னொரு தண்டனை. மீட்பவர்களில் சிலர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு எடுக்கும் ரீல்ஸ் அந்தத் தண்டனையை நீட்டிக்கிறது. கேமராவுக்கு முன் நடக்கும் மீட்பு, மீட்டவருக்கே பயன்படுகிறது.

இத்தனையும் எடைபோட்ட பின் என் தீர்ப்பு இது. குற்றத்தைக் கண்டுபிடிப்பதில் புனே மக்களின் உதவி நாட்டுக்கே முன்மாதிரி. விலையை உடைப்பதில் அது தோற்றிருக்கிறது, அதில் ஊடகத்துக்கும் போலீஸ் செய்திக் குறிப்புக்கும் பெரும் பங்கு உண்டு. தண்டனை வரை கொண்டுபோவதில் அது பாதி வழியில் நிற்கிறது, அந்தக் குறை மக்களுடையது அன்று. அழைப்பை ஏற்றதோடு அரசு கைகழுவிவிடுகிறது. ஆகவே ‘இன்னும் அதிகம் பேர் துப்பு கொடுங்கள்’ என்று கேட்பது இன்றைய தேவை இல்லை. வந்த துப்பைச் சாகவிடாமல் காப்பதே தேவை.

அதற்கு வழி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பறிமுதல் செய்தியில் விலை என்ற சொல்லே வரக்கூடாது என்று போலீஸும் வனத்துறையும் உறுதி எடுக்கட்டும். குற்றப் பிரிவு பிடித்த அன்றே வன அதிகாரி சம்பவ இடத்துக்கு வரட்டும். தேடுதலையும் பறிமுதலையும் ஒலி ஒளியோடு பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு இப்போது கேட்கிறது; இரண்டு பஞ்சுகளின் நினைவை மட்டும் நம்பியிருந்த காலத்துக்கு அது முடிவு கட்டலாம். 1926ஐ அழைத்தவர் விரும்பினால், பெயர் வெளியே வராமல், அவருக்கு ஒரு வழக்கு எண் கொடுக்கட்டும்.

மக்களுக்கும் ஒரு கடமை பாக்கி இருக்கிறது. அதிகாரிகள் அசையாவிட்டால், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்யலாம் என்று அதே 55ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் நம்மைத் துப்பு கொடுப்பவராக மட்டும் பார்க்கவில்லை, வழக்கு தொடுப்பவராகவும் பார்க்கிறது. ஒவ்வொரு சொசைட்டி அறிவிப்புப் பலகையிலும் பாம்பு பிடிப்பவரின் எண்ணுக்குக் கீழே இந்த வரியையும் எழுதி வைக்கலாம். பாம்பு போன பிறகும், ‘அந்த வழக்கு என்ன ஆயிற்று?’ என்று கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால், கோப்பு மேசைக்கு மேசை சற்று வேகமாகவே நடக்கும்.